கடைசியாகக் கழற்றியது

காலிங் பெல் இருக்க வேண்டிய இடத்தில் சுவரிலிருந்து இரண்டு வயர்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ பிய்த்தெடுத்ததுபோல் இல்லை. முனைகளில் கறுப்பு டேப் சுற்றி, ஒன்றோடொன்று உரசாதபடி விலக்கி மடித்து, பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் 9 என்று எழுதியிருந்தது.

எக்ஸ்ரே தனக்குள் சிரித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று காலிங் பெல்லைக் கழற்றிப் பார்க்கிற ஜென்மத்தை இப்போதுதான் பார்க்கிறான்.

எக்ஸ்ரே என்பது கடையில் வழங்கும் பெயர். பெட்டியைத் திறக்காமலே, ஃபோனில் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பதற்காக வந்தது, வைத்துக்கொண்டதும் அவனேதான். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் அந்தக் கடை அவன் அக்கா வீட்டுக்காரருடையது. பாகம் பாகமாக வாங்கிப்போய்த் தாங்களே பூட்டிக்கொள்கிறவர்கள்தான் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர். அவர்களை நினைத்தாலே அவனுக்கு உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். நாலு வீடியோவைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, கடைசியில் பட்டனை அழுத்தினால் ஒரு மண்ணும் நடக்காமல், அழாத குறையாகக் கடைக்குக் கூப்பிடுகிற கூட்டம். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பவர் சப்ளை பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னக் கறுப்பு ஸ்விட்சைப் போட்டிருக்க மாட்டார்கள். அதைத்தான் அவன் முதலில் கேட்பான். கேட்டதும் மறுமுனையில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தைக் கேட்பதில் அவனுக்கு ஒரு தனி ருசி.

இந்த வீட்டு அம்மாவுக்குக் கடையில் நோட்டக்கா என்று பெயர். பாகங்கள் வாங்க வந்த அன்றே கையில் ஒரு கோடுபோட்ட நோட்டு. எந்த ஸ்க்ரூவுக்கு என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். வீட்டிலிருந்தே செய்கிற தட்டச்சு வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பெட்டி ஓட வேண்டும் என்றாள். ஃபோனிலும் அப்படித்தான்: கொஞ்சம் மெதுவா சொல்லுங்க தம்பி, எழுதிக்கறேன். அவள் கூப்பிட்டால் எக்ஸ்ரே ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். கடையில் இருக்கிற மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். ஒரு வாரத்தில் பதினோரு தடவை கூப்பிட்டாள்.

பதினொன்று என்று எண்ணியது மாமா. அக்கா வீட்டுக்காரரை அவன் மாமா என்றுதான் கூப்பிடுவான். இன்று காலை கடைக்கு வந்த அவளுடைய அழைப்பை அவர் எடுத்துத் தொலைத்துவிட்டார். அடுத்த மாதம் திறக்கப்போகும் புதுக் கடையை எக்ஸ்ரே பொறுப்பில் விடுவதாகப் பேச்சு. அதில் கையை வைத்தார். இன்றைக்கே அந்த அம்மா வீட்டுக்குப் போய்ப் பெட்டியை ஓடவைக்காவிட்டால் புதுக் கடையை மறந்துவிடலாம் என்றார். டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போ என்றும் சொன்னார். எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி வீடுகளுக்கு ஒரு விரல் போதும்.

கதவைத் தட்டினான். தட்டுவதற்காகவே காத்திருந்ததுபோல் திறந்தது.

"வாங்க தம்பி. ஒன்பதைத் தேடினீங்களா?"

நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான உருவம். தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். ஈரம் காயாத கைகளில் சோப்பு வாசனை. மற்றபடி கடையில் பார்த்த அதே முகம், தவறு செய்துவிடுவோமோ என்று எப்போதும் கொஞ்சம் முன்னால் குனிந்திருக்கும் முகம்.

அவன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். உட்பக்கம் கைப்பிடி இல்லை. அந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை, அதன் மேல் 26. அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை ஓட்டையில் விட்டுத் திருப்பினாள். பூட்டின் நாக்கு விழும் சத்தம் வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

திரும்பி வந்ததுதான் அவனை நிமிர வைத்தது. ஆள் குடியிருக்கிற வீட்டில் சத்தம் அப்படித் திரும்பாது. கூடம் முழுக்கப் பகல் மூன்று மணி வெயில். ஜன்னல்களில் திரை இல்லை. கம்பியின் மேல் 21. விட்டத்தில் மின்விசிறி இல்லை, கொக்கியில் 12. டி.வி. இருந்த இடத்தில் சுவர் வெளிறித் தெரிந்தது. கடிகாரத்துக்கு ஆணி மட்டும். சமையலறை வாசலில் தரையில் நாலு கால் தடமும் துரு வட்டங்களும், நடுவே 15, ஃபிரிட்ஜாக இருக்கும். பல்புகள்கூட இல்லை. ஒவ்வொரு ஹோல்டரிலும் ஒரு வெள்ளைப் பொட்டு, ஒரு எண்.

கழற்றுகிற பாகத்திலும் அது இருந்த இடத்திலும் ஒரே நம்பரைப் போடுங்கள், அப்போதுதான் திரும்ப மாட்ட முடியும். இதைச் சொன்னது அவன்தான். பெட்டிக்குள் இருக்கிற பாகங்களுக்குச் சொன்னான்.

"எல்லாத்தையும் கழட்டிட்டீங்க போல," என்றான். குரலில் சிரிப்பு இருக்குமாறு பார்த்துக்கொண்டான்.

"நீங்க சொன்னபடிதான். எட்டு வரைக்கும் பெட்டிக்குள்ள இருந்தது, பார்த்துட்டுத் திரும்ப மாட்டியாச்சு. அதுக்கப்புறமும் ஆகலைன்னதும், அதே லைன்ல வேற என்னென்ன ஓடுதோ அதையெல்லாம் எடுங்கன்னீங்க. அதுக்கப்புறம் வீட்டுல வேற என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் கழட்டுங்கன்னீங்க."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மேஜையைத் தட்டினான்.

முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நினைத்தான். அப்படி நினைத்தது ஆறுதலாக இருந்தது. நாளைக்குக் கடையில் இதை எப்படிச் சொல்லிக்காட்டுவது என்று வாக்கியங்களை அடுக்கத் தொடங்கினான். அடுக்கிக்கொண்டே வந்தவன் கண்ணில் ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி பட்டது. வீட்டிலேயே மிச்சம் இருந்த சாமான் அது ஒன்றுதான் போல. மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருந்தது. அதன் கைப்பிடியில் 31.

நாற்காலி இருக்கிறது. பிறகு எதைக் கழற்றினாள்?

"வீட்டுல யாரும் இல்லையா அக்கா?"

"எல்லாரும் இருக்காங்க. உள் ரூம்ல." அவள் கையை நீட்டினாள். "உங்க ஃபோனைக் குடுங்க தம்பி. மதர்போர்டு பக்கத்துல மொபைல் இருக்கக் கூடாதுன்னு நாலாவது தடவை சொன்னீங்க. எழுதியிருக்கேன்."

வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான். இல்லை என்று இப்போது சொன்னால் அன்றைக்கு உளறியது தெரிந்துவிடும். ஃபோனைக் கொடுத்தான். அவள் சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியத் தாள் சுருளை எடுத்து, அளந்து கிழித்து, ஃபோனைச் சுற்றினாள். சரசரவென்ற அந்தச் சத்தம் வெறும் கூடத்தில் காதுக்குள் யாரோ கசக்குவதுபோல் கேட்டது. ஓரங்களை மூன்று முறை மடித்து நகத்தால் அழுத்தினாள். பாகங்களோடு வந்த வெள்ளிக் கவர் எட்டோடு தீர்ந்துவிட்டது, அதனால்தான் இந்தத் தாள், என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள். ஸ்டிக்கர் தாளிலிருந்து அடுத்த பொட்டை உரித்து ஒட்டினாள்.

"உங்களோடது முப்பத்திமூணு. வாங்க, அதோட வரிசையில வெச்சுட்டு வந்துடறேன்."

நடை குறுகலாக இருந்தது. முன்னால் அவள் போனாள். ஈரத் தரையின் வாசனை, கிருமிநாசினி வாசனை, அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று, வாடிய பூக்கூடையை மூடி வைத்துத் திறந்தாற்போல லேசான இனிப்பு. நடையின் பாதியில் ஒரு கதவைத் திறந்தாள். அவன் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

அறை முழுக்க வெள்ளி. மேற்கு ஜன்னல் வெயில் நேராக உள்ளே விழுந்து, தரையில் வரிசை வரிசையாக வைத்திருந்த பொட்டலங்களில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. சின்னவை முன்வரிசையில். வட்டமாக ஒன்று, உள்ளே டிக் டிக் என்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கூம்பாக ஒன்று, மேலே வளையத்தோடு. பறவைக் கூண்டின் உருவம். அதிலிருந்து சத்தம் இல்லை. பின்னால் ஆளுயரத்துக்கு ஃபிரிட்ஜ், வெள்ளித்தாள் உடுத்தி நின்றது. எவ்வளவு பொறுமை. எங்கேயும் ஒரு கிழிசல் இல்லை.

சுவரோரம் ஒரு கட்டில்.

கட்டிலில் இரண்டு நீளமான பொட்டலங்கள்.

ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. மேல்பக்கம் உருண்டை. பிறகு ஒடுங்கி, பிறகு அகன்று, கீழே போகப்போகச் சரிந்து, நுனியில் இரண்டு முனைகளாக மேல்நோக்கி நின்றது. உருண்டையில் தாளை நன்றாக இழுத்து நீவியிருந்தாள். மூக்கின் மேடு தெரிந்தது. வாயின் பள்ளம் தெரிந்தது. ஸ்டிக்கர்கள் நெற்றியில் இருந்தன.

31. 32.

வாயின் மேலிருந்த தாளையே அவன் பார்த்தான். அது அசையும். இப்போது அசையும். மூச்சு விட்டால் தாள் சரசரக்கும், ஃபோனைச் சுற்றும்போது சரசரத்ததே, அதுபோல.

கடிகாரம் மட்டும் ஓடியது.

அவள் குனிந்து அவனுடைய ஃபோனைக் கட்டிலின் ஓரத்தில், நெட்டையான பொட்டலத்தின் பக்கத்தில், நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"பெட்டி அடுத்த ரூம்ல இருக்கு."

ஓட வேண்டும் என்று அவன் நினைத்தான். கைப்பிடி இல்லாத வாசல் கதவு ஞாபகம் வந்தது. ஸ்க்ரூ டிரைவர் அவள் கையில். டூல்ஸ் பை கடையில், மாமா நீட்டிய இடத்திலேயே. கால்கள் தாமாகவே அவள் பின்னால் போயின.

கம்ப்யூட்டர் அறையில் ஒரு மேஜை. அதன் மேல் திரையும் பெட்டியும், பெட்டியின் பக்கத்து மூடி திறந்து. அந்தப் பயத்திலும் அவன் கண் பாகங்களைப் பார்த்துவிட்டது. ஒரு வயர்கூடத் தொங்கவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். அவனே பூட்டியிருந்தாலும் இத்தனை சுத்தமாக இருந்திருக்காது. அறையின் வாசல் நிலையில், அவன் தோளுக்கும் கொஞ்சம் மேலே, ஒரு ஸ்டிக்கர். ஆணி இல்லை. கொக்கி இல்லை. வெறும் மரம். 32.

"இங்கதான் சாஞ்சு நிப்பார்," என்றாள். "நான் ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தறப்பவும் சிரிப்பார். அத்தை அந்த நாற்காலியிலேயே உக்காந்து, ஆச்சான்னு கேப்பாங்க. ஆகலைன்னு இவர் சொல்வார். ரெண்டு பேரும் சிரிப்பாங்க." கொஞ்சம் யோசித்தாள். "உங்க கடையிலயும் பின்னால சிரிப்பாங்க இல்ல? ஃபோன்ல கேக்கும். அதையெல்லாம் நான் எழுதலை. வேலைக்குச் சம்பந்தம் இல்லாதது."

அவன் அந்த ஸ்டிக்கரிலிருந்து ஒரு அடி விலகி நின்றான்.

"நேத்து காலையில கூப்பிட்டப்ப, எல்லாம் கழட்டியாச்சு தம்பி, இனிமே நாங்கதான் மிச்சம்னேன். அப்ப அதையும் பாருங்கன்னீங்க." நோட்டைப் பிரித்து அந்த வரியை விரலால் காட்டினாள். தேதி, மணி, அதன் கீழே குண்டு குண்டான கையெழுத்தில் அவனுடைய வார்த்தைகள். "இவர்தான் கோளாறுன்னு எனக்கு முதல்லயே தோணுச்சு. ஆனா தோணறது எல்லாம் கணக்கில்லை, ஒவ்வொண்ணா கழட்டணும், ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திப் பார்க்கணும்னு சொல்லியிருக்கீங்க. அதனால அத்தையை முதல்ல. ஆகலை. அப்புறம் இவரை. அப்பவும் ஆகலை."

நேற்றுக் காலை. கூரியர்க்காரன் நின்றுகொண்டிருந்தான். எக்ஸ்ரே கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசினான். அவள் என்ன சொன்னாள் என்றே அவன் கேட்கவில்லை.

"பாருங்க தம்பி."

மேஜைக்குப் பக்கவாட்டில் மண்டியிட்டான். பெட்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. கன்னத்தைச் சுவரில் ஒட்டி எட்டிப் பார்த்தான். பிளக் சரியாக இருந்தது. வயர் சரியாக இருந்தது. வயருக்குப் பக்கத்தில், விரல் நுனி அளவில், சின்னக் கறுப்பு ஸ்விட்ச்.

போடாமல் இருந்தது.

கேட்டிருப்பானே. எல்லோரிடமும் முதலில் கேட்பது அதுதானே. முதல் அழைப்பை நினைத்துப் பார்த்தான். மதியம். சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. நோட்டக்கா என்றதும் மற்ற இருவரும் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்று சைகை செய்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் அதோடு முடிந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று நினைத்தான். முதலில் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழட்டுங்கக்கா என்றான். பிறகு மறந்துவிட்டான்.

பதினோரு அழைப்பிலும் கேட்கவில்லை.

தலைக்கு மேலே மெல்லிய சத்தம். தாளிலிருந்து ஒரு ஸ்டிக்கர் உரியும் சத்தம். நிமிர்ந்தான். அவள் அடுத்த பொட்டைப் பெருவிரல் நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டு, பேனாவால் அதில் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு.

"இதுவும் ஆகலைன்னா," என்றாள், "வீட்டுல இனி ரெண்டே பேர்தான்."

சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கையை நுழைத்தான். சுண்டுவிரலால் அழுத்தினான். டக்கென்று ஒரு சத்தம். அதை மறைக்க இருமினான்.

"இப்ப அழுத்துங்கக்கா."

அவள் முன்னால் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினாள்.

பெட்டியின் குட்டி மின்விசிறிகள் சுழன்றன. பெட்டிக்குள் நீல வெளிச்சம் பரவியது. சின்னதாக ஒரு பீப். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. அந்த வெறும் வீட்டில் அந்தச் சத்தம் காற்று புகுந்ததுபோல் நிறைந்தது. அவள் சிரிக்கவில்லை, கத்தவில்லை. கண்ணை மூடி ஒருமுறை ஆழமாக மூச்சு விட்டாள். பிறகு நோட்டை எடுத்து, தேதியும் மணியும் போட்டு, எழுதினாள். எழுதியதை ஒரு தடவை மனசுக்குள் படித்தாள்.

"அப்ப முப்பத்திமூணுதான்."

அவனுக்குப் புரியவில்லை.

"கடைசியா எதைக் கழட்டினதும் ஓடுதோ அதுதான் கோளாறுன்னீங்க. முப்பத்திரண்டுக்கு ஓடலை. முப்பத்திமூணை எடுத்ததும் ஓடுது." அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. "உங்க ஃபோன்தான் தம்பி."

திரையின் வெளிச்சத்தில் அவள் முகம் நீலமாக இருந்தது. பெருவிரலில் 34 இன்னும் ஒட்டியிருந்தது.

"கோளாறானதை என்ன பண்ணணும்னு ரெண்டாவது தடவை சொல்லியிருக்கீங்க. அதைக் கடைசியில பார்த்துக்கலாம். மத்தது எல்லாம் நல்ல பாகம்தான். திரும்ப மாட்டிடணும். பின்னாலிருந்து வரிசையா, இல்லையா? முப்பத்திரண்டுலேருந்து." வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "வாங்க. நீங்க கால் பக்கம் பிடிங்க."

அவன் பிடித்தான்.

ஏன் பிடித்தான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. ஸ்விட்ச் என்று ஒரு வார்த்தை தொண்டைக்குள் இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே இருந்தது. தாளின் வழியே கணுக்கால்கள் சில்லென்று இருந்தன. மடங்கவில்லை. நடையில் போகும்போது தாள் சுவரில் உரசிச் சரசரத்தது. அவள் பார்த்துப் பார்த்து என்றாள்.

வாசல் நிலையின் முன்னால் நிமிர்த்தினார்கள். விறைத்திருந்ததால் நின்றது. தோளை மரத்தில் சாய்த்து, ஸ்டிக்கருக்கு ஸ்டிக்கர் நேராக வருகிறதா என்று பார்த்து, அரை அங்குலம் நகர்த்தினாள். கழுத்து வரை தாளை உரித்து நாலாக மடித்து மேஜையில் வைத்தாள். கண்கள் பாதி திறந்திருந்தன. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே கோணியிருந்தது.

அறைக்கு அது ஒன்றுதான் வாசல். எக்ஸ்ரே உள்பக்கம் நின்றான்.

அவள் பெருவிரலால் நெற்றியை அழுத்தினாள். காத்திருந்தாள். மார்பின் நடுவில் அழுத்தினாள். காத்திருந்தாள். பின்னால் கம்ப்யூட்டர் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். தவறு செய்துவிடுவோமோ என்ற அதே முகத்தோடு அவனைப் பார்த்தாள்.

"ஆகலையே தம்பி."

பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பிடித்து முன்பக்கமாகச் சாய்க்க ஆரம்பித்தாள், மெதுவாக, உள்ளே எதுவோ நெறுநெறுக்க. பின்கழுத்து வெளியே தெரிந்ததும், முடியை ஒதுக்கி, விரல் நுனியால் தடவித் தடவித் தேடினாள்.

"இதுக்கும் பின்னால ஒரு ஸ்விட்ச் இருக்குமா?"